உடைக்கச் சொன்ன இசைத்தட்டுகள்

போல்கா என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்குப் புள்ளி போட்ட துணிதான் ஞாபகம் வரும். உண்மையில் அது ஒரு நடனம். இன்றைய செக் நாட்டின் பகுதியான பொஹீமியாவில் பிறந்து, 1840களில் பாரிஸையே ஆட்டி வைத்தது. துணிக்குப் பெயர் வந்ததும் அந்த மோகத்தால்தான். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஐரோப்பியர்கள் இதையும் மூட்டையோடு கொண்டுபோனார்கள்.

பிராங்கி யாங்கோவிக் அப்படிப் போன ஒரு ஸ்லோவேனியக் குடும்பத்துப் பிள்ளை. கிளீவ்லாந்தில் வளர்ந்தார், உள்ளூர் வானொலியில் வாசித்தார். வாத்தியம் அக்கார்டியன், நம் ஆர்மோனியத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் ஜூலை 14 கொண்டாட்டத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் இவர் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

1943இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1944 கடைசியில் பெல்ஜியம் பக்கம் ஆர்தென் காட்டில் ஜெர்மானியர்கள் திருப்பித் தாக்கிய சண்டை. அந்தக் குளிரில் இவருடைய கைகளும் கால்களும் விறைத்துச் செத்துப்போகும் நிலைக்கு வந்தன. வெட்டிவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். முடியவே முடியாது என்று விட்டார். அக்கார்டியன்காரனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? பென்சிலின் காப்பாற்றியது. விரல்கள் பிழைத்தன, அக்கார்டியன் மறுபடி தோளில் ஏறியது. 1948இல் மில்வாக்கி நகரில் அவருக்குப் போல்கா அரசர் என்று முடிசூட்டினார்கள். 1986இல் போல்காவுக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருதும் அவருக்குத்தான்.

அந்தப் பனிக்காலத்தில் போர்முனைச் சிப்பாய்கள் எதைக் கேட்டார்கள் என்று தேடப்போய்த்தான் 'வி-டிஸ்க்' பற்றித் தெரிந்தது.

1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. தலைவர் பெட்ரில்லோ. ஒரு தடவை வாசித்த தட்டை வானொலிக்காரன் ஆயிரம் தடவை போட்டால் நேரில் வாசிப்பவன் சோற்றுக்கு எங்கே போவான் என்பது அவர் கேள்வி. தட்டு செய்ய அரக்கும் கிடைக்கவில்லை. அது பெரும்பாலும் நம் இந்தியாவிலிருந்து கப்பலில் போன சரக்கு. போரில் கடல்வழி கெட்டுவிட்டது.

ராணுவம் சங்கத்திடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தது. கலைஞர்கள் சிப்பாய்களுக்காகக் கூலி வாங்காமல் வாசிப்பார்கள். தட்டு வியாபாரத்துக்குப் போகக் கூடாது. போர் முடிந்து திட்டத்தை மூடினால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அரக்குக்குப் பதில் வினைல். 12 அங்குலத் தட்டு, ஒரு பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். சாவி கொடுக்கும் கிராமபோனும் ஊசியும் கூடவே போயின. 1943 முதல் 1949 வரை 80 லட்சத்துக்கு மேல் அனுப்பினார்களாம்.

1949இல் சொன்னபடியே உடைத்தார்கள். அச்சுகளையும் சேர்த்துத்தான்.

ஆபீசில் பழைய கோப்புகளைக் கழிக்கும் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றித்தான் ஆக வேண்டும். சங்கத்தின் நிபந்தனையும் நியாயமே. சும்மா வாசித்தவன் வாசிப்பை வைத்து வேறொருவன் காசு பார்க்கக் கூடாது அல்லவா? ஆனாலும் மனசு கேட்கவில்லை. 2,500 தட்டுகளைப் பதுக்கி வைத்ததற்காக லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கம்பெனி ஊழியரை ஜெயிலுக்கே அனுப்பியிருக்கிறார்கள். பாட்டுத் தட்டுக்கு ஜெயில்!

நல்லவேளை, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு முழு வரிசை தங்கிவிட்டது. ஊர் திரும்பிய சிப்பாய்களும் பெட்டியின் அடியில் கொஞ்சம் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். பியானோக்காரர் ஃபாட்ஸ் வாலர் 1943 செப்டம்பரில் ராணுவத்துக்காக வாசித்துக் கொடுத்தார். டிசம்பரில் இறந்துவிட்டார், 39 வயது. அந்த வாசிப்பைத்தான் நேற்று ராத்திரி பேரன் போட்டுக் காட்டினான். நடுவில் அவர் சிரித்துப் பேசுவதும் கேட்கிறது.