பாம்பாற்றின் கூடவே

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்பவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றிலும் சிறியது பாம்பாறு. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை ஒட்டிய மலைகளில் பிறந்து, தலையாறு தேயிலைச் சரிவுகளைத் தாண்டி மறையூருக்கு இறங்குகிறது. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையும் ஏறக்குறைய இதே போக்குதான்.

லக்கம் அருவியைக் கடந்ததும் காற்றில் ஈரம் குறைகிறது. தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடி மலைகள் மேற்கிலேயே வாங்கிக்கொள்வதால் மறையூர் மழைமறைவில் கிடக்கிறது. அந்த வறட்சிதான் சந்தன மரத்துக்குத் தோதானது. சாலையின் இருபுறமும் கம்பி வேலிக்குள் சந்தனக் காடு. இரவு பகலாகக் காவல்.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். பழங்குடியினர் பேச்சுத் தவிர, இங்கே வீட்டுமொழி பெரும்பாலும் தமிழ். முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். கரும்புத் தோட்டத்து ஓரம் ஆலைக் கொட்டகையில் சாறு கொதிக்கிறது. பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் கையாலேயே உருட்டுகிறார்கள். உருண்டையில் விரல் தடம் அப்படியே நிற்கும். 2019இல் இந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறையூரை அடுத்த கோவில்கடவில் ஆற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில். அருகிலுள்ள மொட்டைப் பாறையில் ஏறினால் முனியறைகள். நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். மண்மேடு கிடையாது, சாந்து கிடையாது. கல்லின் கனமே கட்டுமானம். இவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். பாண்டவர் தங்கிய அறைகள் என்பது ஊர்க்கதை. பல அறைகளில் மூடுகல் சரிந்துவிட்டது. சிலவற்றில் பக்கக்கல்லே இல்லை.

அப்பால் ஆறு தூவானம் அருவியாக விழுந்து, சின்னாறு சரணாலயத்தின் முள்காட்டுக்குள் நுழைகிறது. சாம்பல் மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் காடு அது. கூட்டாறு என்ற இடத்தில் பாம்பாறு சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணையில் விழுகிறது. அங்கிருந்து பெயர் அமராவதி. தாராபுரம், கரூர் வயல்களை நனைத்துக் காவிரியில் முடிகிறது.

2007 காவிரித் தீர்ப்பு பாம்பாற்றில் கேரளத்துக்கு 3 டிஎம்சி என்று அளந்து கொடுத்தது. தண்ணீருக்கு அளவு உண்டு, சந்தனத்துக்கு வேலி உண்டு, வெல்லத்துக்கு முத்திரை உண்டு. விலை இல்லாத முனியறைக்கு மட்டும் போதிய காவல் இல்லை. அதைச் சீர்செய்வது அரசின் பொறுப்பு. படம் எடுக்க மூடுகல்மேல் ஏறாமலும், பக்கக்கல்லில் பெயர் கீறாமலும் திரும்புவது அங்கே போகும் நம் பொறுப்பு.