ஒரு தேக்கரண்டி என்பு

களுதாவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்து பெரிய மாமா தேங்காய்ப் பாதிகளில் பருப்புக் கழற்றுவார். அரைக் காய்ச்சலில் பருப்பு சிரட்டையை விட்டிருக்காது. மாமாவின் கத்தி அலகு மெல்லியது, வளைந்தது. விளிம்பில் ஓரிடத்தில் நுழைத்துவிட்டு, கத்திக் கையை அசைக்காமல் தேங்காயைத்தான் சுற்றுவார். முதலில் மேலோட்டமாக ஒரு சுற்று, பிறகு ஆழமாக இன்னொன்று. பருப்பு முழுக் கிண்ணமாகக் கழன்று உள்ளங்கைக்கு வந்துவிடும். நான் செய்தால் துண்டு துண்டாகத்தான் வரும். “அலகு வளைவும் காய் வளைவும் ஒண்டா இருக்கணும் மருமகன். இல்லாட்டிப் பலத்தத்தான் காட்டுவாய்” என்பார்.

அந்தக் கத்தியைத்தான் இப்போது நான் ஷெஃபீல்டில் செய்கிறேன். கத்திக்கும் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் பெயர்போன பழைய உருக்கு நகரம் அது. உடலில் வைத்த செயற்கை இடுப்பு மூட்டைத் திரும்ப வெளியே எடுக்கும் கருவிகளை வடிவமைப்பது என் தொழில். ஊருக்கு வந்தால் கேட்பார்கள், வைக்கிறதுதானே கஷ்டம், எடுக்கிறதில் என்ன இருக்கிறது என்று.

இளகிப்போன மூட்டு என்றால் அவர்கள் சொல்வது சரி, அது சிரமமில்லாமல் வந்துவிடும். கிருமித் தொற்றுக்காகவோ, பந்து அடிக்கடி கழன்றுபோவதாலோ, பிழையான கோணத்தில் பொருத்தியதாலோ எடுக்கவேண்டி வரும் மூட்டு அப்படியில்லை. அது இறுகப் பிடித்திருக்கும். சீமெந்து இல்லாமல் பொருத்தும் உலோகக் கிண்ணத்தின் வெளிப்புறம் மணல்தாள்போலச் சொரசொரப்பாக இருக்கும். அதன் நுண்துளைகளுக்குள் என்பு வளர்ந்து புகுந்துவிடும். பொருத்தியவர் வேண்டி நின்றதும் அதைத்தான். பத்து வருடம் கழித்து அதே பிடிப்பை நாங்கள் அறுக்கவேண்டியிருக்கிறது.

அறுக்கும்போது எவ்வளவு என்பு போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 54 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஒரேயொரு மில்லிமீற்றர் என்பு போனால் கிட்டத்தட்ட 4.75 கன சென்ரிமீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. இரண்டு மில்லிமீற்றர் போனால் இரண்டு தேக்கரண்டி. அடுத்த கிண்ணம் 58 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். அந்த இடத்தில் பின்சுவர் ஏற்கெனவே மெல்லியது. அது உடைந்தால் புதிய கிண்ணம் உட்கார இடம் தேடவேண்டியதுதான். ஐம்பது வயதுக்காரருக்கு வாழ்நாளில் இன்னொரு சத்திரசிகிச்சையும் வரலாம். இன்றைக்கு மிச்சம் பிடிக்கும் தேக்கரண்டி அன்றைக்குக் கைகொடுக்கும்.

முன்பெல்லாம் வளைந்த உளிகளைக் கண்மதிப்பில் வைத்து அடிப்பார்கள். கிண்ணம் வந்துவிடும், முதுகில் என்புப் பாளமும் ஒட்டிக்கொண்டு வரும். 2000களின் தொடக்கத்தில் ஸிம்மர் நிறுவனத்தின் ‘எக்ஸ்பிளான்ட்’ கருவி புழக்கத்துக்கு வந்து இந்த நிலையை மாற்றியது. கிண்ணத்தின் உள்ளுறைக்குள் அளவான உலோகப் பந்து ஒன்று போய் உட்காரும். பந்து மையம், வளைந்த அலகு ஆரை. கைப்பிடியை இடமும் வலமுமாகத் திருப்பினால் அலகு கிண்ணத்தின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டே சுற்றிவரும். முதலில் குட்டை அலகு வழி திறக்கும், பிறகு நீள அலகு அடிவரை போகும். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குப் பின்வளவு நினைவுக்கு வந்தது. மாமா கையால் பிடித்த மையத்தை இவர்கள் பந்தால் பிடித்திருக்கிறார்கள்.

அந்தக் கருவிக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது தடிப்புச் சண்டை. அலகின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவு என்பு எப்படியும் போகும். மெல்லியதாக்கினால் வளையும், கடினமான விளிம்பில் திரும்பி உள்ளே பாயும். தடிப்பாக்கினால் என்பைத் தின்னும். என் முதல் அலகை வளையக்கூடாது என்ற பயத்தில் இரண்டு மில்லிமீற்றரில் தீட்டினேன். நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி இடுப்பில் அது வெண்ணெயில் போவதுபோலப் போனது. தானம் செய்யப்பட்ட உடலில் பரீட்சித்த அன்று பாதிச் சுற்றில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பின்சுவர் பிளந்துவிட்டது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன் முதுகில் நாணயத் தடிப்பில் ஒரு துண்டு என்பு ஒட்டியிருந்தது. தன் உடலைத் தந்த அந்த மனிதரிடம் நான் இன்னமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து, கழற்றிய எந்தக் கிண்ணம் கைக்கு வந்தாலும் முதலில் கவிழ்த்து முதுகைத்தான் பார்ப்பேன். நுண்துளைகளில் மாப்போலக் கொஞ்சம் என்பு, மற்றபடி வெறும் உலோகம் தெரிந்தால் கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது.

தொடை என்புக்குள் இறங்கும் தண்டு வேறு கதை. முழு நீளத்துக்கும் என்பு பிடித்திருந்தால் என்பிலேயே ஒரு கதவு வெட்டித் திறந்து, கம்பி வாளால் உள்ளே அறுத்து, தேவைப்பட்டால் தண்டையே குறுக்கே துண்டித்து, அடிப்பாகத்தை நுனியில் பல் வைத்த குழாயால் சுற்றிக் குடைந்து எடுப்பார்கள். கம்பி வாள் இத்தாலிய மகப்பேற்று வைத்தியர் கிக்லி தந்தது, நூறு வருடத்துக்கு மேல் பழையது. அங்கே எங்கள் எதிரி வெப்பம். 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே என்பு கெட ஆரம்பிக்கும் என்று சுவீடனைச் சேர்ந்த எரிக்சனும் அல்பிரெக்ட்சனும் 1983இல் காட்டினார்கள். பல் மழுங்கிய குழாய் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே மெதுவாகச் சுற்று, தண்ணீர் ஓடவிடு, மழுங்கியதைத் தூக்கிப்போடு.

எங்கள் அம்மம்மா வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணி அள்ளப்போய்க் கிணற்றடியில் விழுந்தவ. மட்டக்களப்பில் அவவுக்கு வைத்தது ஒஸ்டின் மூர் என்ற தண்டு என்று பல வருடம் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் தென் கரோலினாவில் வைத்தியர் மூர் 1940இல் உலோக இடுப்பு வைக்கத் தொடங்கி, 1950களில் செம்மைப்படுத்திய வடிவம். தண்டில் இரண்டு சாளரங்கள் இருக்கும். அவற்றினூடாக என்பு வளர்ந்து பூட்டுப் போட்டுக்கொள்ளும். நேராக இழுத்தால் தொடை என்பு பிளக்கும், முதலில் சாளரத்தில் வளர்ந்த பாலத்தை அறுக்கவேண்டும். ஆனாலும் மூரை எனக்குப் பிடிக்கும். பின்னாளில் எடுக்க நேரும் என்று நினைத்து, தண்டின் தோளில் கொக்கி மாட்ட ஒரு ஓட்டையையும் விட்டுவைத்தவர் அவர். அந்த ஓட்டை இல்லாத எத்தனையோ புதுத் தண்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கழற்றுவதிலிருந்து கற்ற இன்னொருவர், இங்கிலாந்தின் லங்காஷயர் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி. தொடக்கத்தில் அவர் ரெஃப்லோன் கிண்ணம் வைத்தார். ஓரிரு வருடத்தில் அவை தேய்ந்தன. தான் வைத்ததைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். 1962இல் பொலிஎதிலீனுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். கழற்றிப் பார்த்த கையால் வடிவமைப்பவர் வேறு மாதிரித்தான் வடிவமைப்பார். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2010 ஓகஸ்டில் ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. சுமார் 93,000 பேருக்கு வைத்திருந்தார்கள், இந்தியாவில் மட்டும் சுமார் 4,700. தனக்குள் இருப்பது அந்த மூட்டுத்தானா என்றே பலருக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு வலிப்பது அந்த இடத்தில்தான். அலகையும் பந்தையும் தெரிவுசெய்யக் கிண்ணத்தின் வெளிவிட்டமும் உள்விட்டமும் வேண்டும். எக்ஸ்ரே அதை அண்ணளவாகத்தான் சொல்லும். பெட்டியிலிருந்து உரித்து நோயாளியின் ஏட்டில் ஒட்டும் சிறிய ஸ்ரிக்கர் சரியாகச் சொல்லும்: தயாரித்தவர், அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே எங்கள் ஊர்ச் சனத்திடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு மூட்டு வைத்தால், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அந்த ஸ்ரிக்கரில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். காணி உறுதி வைத்திருக்கிற பெட்டிக்குள்ளேயே அதையும் வையுங்கள். இருபது வருடம் கழித்து யாரோ ஒரு வைத்தியர் அதைப் பார்த்துத்தான் சரியான அலகைக் கையில் எடுப்பார்.