ஒரு வண்டின் வீடும் 30 வருஷமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள். குறிப்பாக என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர்கள் படிக்க வேண்டும். உங்களில் ஒருவனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டுக்கூரை வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? அதன் கைமரங்களில் சுட்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கும். கருவண்டுகள் ர்ர்ர் என்று வந்து நுழையும், போகும். மரத்தூள் உதிர்ந்து உங்கள் நோட்டில் விழும். பெண்பிள்ளைகள் பயந்து கத்துவார்கள், பாடம் நின்றுபோகும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கொத்தனார் மிச்சம் வைத்துவிட்டுப் போன சிமென்ட்டைக் குழைத்துக் கொடுத்து, உயரமான பையன்கள் நாலு பேரை பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி எல்லா ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னேன்.

அதில் ஒருவன் கையில் சிமென்ட்டோடு திரும்பிக் கேட்டான்: "டீச்சர், உள்ள குஞ்சு இருக்கும்லா?"

"வண்டுக்கு ஏதுலே குஞ்சு? பேசாம அடைச்சிட்டு இறங்கு."

அதற்கு முந்தின வாரம்தான் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று கரும்பலகையில் வட்டம் போட்டு நடத்தியிருந்தேன். அவன் பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். நடத்திய நான்தான் மறந்துவிட்டேன். பையன் மறுபேச்சு பேசாமல் அடைத்துவிட்டு இறங்கினான். நானும் அதை அத்தோடு மறந்தேன்.

அது திரும்ப ஞாபகத்துக்கு வந்தது ஆஸ்திரேலியாவில், அதுவும் காடு எரிந்த ஒரு தீவில்.

2023 அக்டோபரில் மகள் வீட்டுக்கு அடிலெய்டு போயிருந்தேன். பேத்திக்குப் பள்ளி விடுமுறை. எல்லாருமாகக் கங்காரு தீவுக்குக் கிளம்பினோம். கேப் ஜெர்விஸ் என்ற இடத்தில் காரோடு கப்பலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பென்னஷா. கிளம்பும்போதே மகள், "அம்மா, பையில தேன் பாட்டில் எதுவும் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டாள். வெளியிலிருந்து தேனோ தேனீயோ அந்தத் தீவுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். 1885-லிருந்து அது தேனீக்களின் சரணாலயம். இத்தாலியின் லிகூரியா பகுதியிலிருந்து கொண்டுபோன தேனீ இனத்தைக் கலப்பில்லாமல் அங்கே காத்து வருகிறார்கள். தேனீ என்றால் உயிரைக் கொடுக்கிற ஊர்போல என்று நினைத்துக்கொண்டேன்.

தீவின் மேற்குப் பக்கம் ஃபிளின்டர்ஸ் சேஸ் என்ற பெரிய தேசியப் பூங்கா. 2019 டிசம்பரில் மின்னல் விழுந்து பற்றிய தீ, ஜனவரியில் காற்றோடு சேர்ந்து தீவின் பாதியை நெருங்கிய பரப்பைத் தின்றுவிட்டது. ஏறத்தாழ 2,10,000 ஹெக்டேர். இரண்டு மனித உயிர்களும் போயின. டிவியில் அப்போது நாம் எல்லாரும் பார்த்ததுதான், கருகிய கோலா கரடிகளை.

ஆனால் நான் போனபோது அப்படி ஒரு தீ எரிந்த இடம் என்று சொன்னால் நம்ப முடியாது. நிற்கிற மரங்கள் மேலே கறுப்புக் குச்சியாக இருந்தாலும் கீழே எங்கு பார்த்தாலும் பச்சை. அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகத் துளிர்த்த யூகலிப்டஸ், தரையெல்லாம் பூ. பேத்தி, "எல்லாம் சரியாயிருச்சு ஆச்சி" என்றாள். நானும், "இயற்கைன்னா அப்படித்தான் தாயி, நாலே வருஷத்துல மீண்டுரும்" என்று டீச்சர் தோரணையில் சொன்னேன்.

அன்று இரவு தங்கிய வீட்டுக்காரம்மாவிடம் இதையே சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சிரித்துவிட்டு, பச்சை வந்துவிட்டது, உள்ளே குடியிருந்தவர்கள் எல்லாரும் வரவில்லை என்றார். யார் வரவில்லை என்று கேட்டேன். எனக்கு ஒரு வண்டைப் பற்றிச் சொன்னார். பிறகு அடிலெய்டு திரும்பி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பல நாள் படித்தேன். படித்ததை என் வழியில் சொல்கிறேன்.

தேனீ என்றதும் நமக்குக் கூடும் ராணியும் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளும்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் 30 வருஷம் பாடம் நடத்தினேன். உலகத்தில் சுமார் 20,000 வகைத் தேனீக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ராணி கிடையாது, வேலைக்காரி கிடையாது, நாம் எடுத்துச் சாப்பிடத் தேனும் சேர்க்காது. ஒரு தாய், தானே இடம் பார்த்து, தானே வீடு கட்டி, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து உருண்டை பிடித்து, அதன் மேல் ஒரு முட்டை வைத்து அறையை மூடுவாள். பிறகு அடுத்த அறை. ஒரு பருவத்துக்கு அவளால் முடிவது சில பிள்ளைகள்தான். நாம் கருவண்டு என்று சொல்வதும் இந்த வகைதான். வண்டு என்று நாம் கூப்பிட்டாலும் அது தேனீ. மரத்தைக் குடைவதால் தச்சுத்தேனீ என்பார்கள்.

கங்காரு தீவில் இருப்பது அதற்குச் சொந்தக்காரி, பச்சைத் தச்சுத்தேனீ. நம் கருவண்டு மாதிரியே பருமன், ஆனால் உடம்பெல்லாம் பொன்னும் பச்சையுமாக மின்னும். ஒருகாலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் நிலப்பகுதியிலும் இருந்தது. அங்கே 1906-க்குப் பிறகு காணவில்லை. பக்கத்து விக்டோரியா மாநிலத்தில் 1938-க்குப் பிறகு காணவில்லை. இப்போது மிஞ்சியிருப்பது இந்தத் தீவிலும், வெகுதூரத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காடுகளிலும்தான்.

இவளுக்கு வீடு கட்ட இரண்டே இடம்தான் தோது. ஒன்று, பாங்க்சியா என்ற மரத்தின் பட்டுப்போன, மெத்தென்ற கட்டை. இன்னொன்று, புல்மரத்தின் காய்ந்த பூந்தண்டு. அந்த ஊரில் புல்மரத்தை யாக்கா என்கிறார்கள். குட்டையான கறுப்பு அடிமரம், மேலே புல் குடுமி, நடுவில் ஆளுயரத்துக்கு ஈட்டி மாதிரி ஒரு பூந்தண்டு. அது காய்ந்ததும் உள்ளே நெட்டி மாதிரி இருக்கும், குடைய வசதி.

இனி தீயின் கணக்கைப் பாருங்கள். எனக்குக் கணக்கு வராது என்று கேலி செய்த கணக்கு சாரும் இதைப் படிக்கட்டும்.

தீ வந்தால் எல்லாத் தேனீயும் சாவதில்லை. தனித்தேனீக்களில் பெரும்பங்கு மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. மண் நல்ல போர்வை. மேலே காடே எரிந்தாலும் சில விரல்கடை கீழே போனால் சூடு வெகுவாகக் குறைந்துவிடும். ஆழமாகத் தோண்டியவை பிழைத்துக்கொள்ளும். மறுவருஷம் எரிந்த மண்ணில் பூ மலியும்போது அவற்றுக்குக் கொண்டாட்டம்கூட. ஆனால் தண்டிலும் கட்டையிலும் வீடு கட்டியவளுக்கு அந்த வீடே விறகு. அங்கே தீ வந்தது கோடைக்காலம், பிள்ளைகள் உள்ளே வளர்கிற நேரம்.

அது போகட்டும், எங்கோ தப்பித்த ஒருத்தி திரும்பி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பூ இருக்கிறது, பசி இல்லை. வீடு?

புல்மரம் தீயில் கருகினாலும் சாகாது. தீ பட்ட மறுவருஷம் ஊரே திரண்டாற்போல ஒட்டுமொத்தமாகப் பூக்கும். அந்தத் தண்டுகள் காய்ந்ததும் வண்டுக்குத் தங்க இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் தண்டு மக்கிச் சாய்ந்துவிடும். அடுத்த தீ வரும்வரை புல்மரம் அப்படி மொத்தமாகப் பூப்பதில்லை.

பாங்க்சியா வேறு மாதிரி. மரம் தீயில் செத்துப்போகும். ஆனால் அதன் காய்கள் தீச்சூட்டில்தான் வாய் திறந்து விதையைக் கொட்டும். விதை முளைத்து, வளர்ந்து, பருத்து, வண்டு குடைகிற அளவுக்குக் கிளைகள் பட்டுப்போக ஏறக்குறைய 30 வருஷம் ஆகிறது.

ஆக, தீக்குப் பிறகு முதல் சில வருஷம் வாடகை வீடு மாதிரி பூந்தண்டுகள். 30 வருஷம் கழித்து சொந்த வீடு மாதிரி பாங்க்சியா. நடுவில் இருக்கிற இருபத்துச் சொச்சம் வருஷம் அவள் எங்கே போவாள்? முன்பெல்லாம் தீ திட்டுத் திட்டாக எரியும். எரியாமல் தப்பிய திட்டில் பழைய மரங்கள் நிற்கும், அங்கே குடியிருந்து பிறகு மெல்லப் பரவுவாள். தீயும் அந்தக் காடும் பழைய சிநேகிதர்கள்தான், அதனால் தீயை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தீ பெரிதாகவும் அடிக்கடியும் வருவதுதான் சிக்கல். பூங்காவின் பெரும்பகுதியை 2007-லேயே ஒரு தீ தின்றிருந்தது. அடுத்தது 2019. இடைவெளி 12 வருஷம். தேவை 30.

இது தெரிந்த சிலர் சும்மா இருக்கவில்லை. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் கட்யா ஹோகென்டோர்ன் என்ற அம்மாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007 தீக்குப் பிறகு காட்டில் தண்டுகளைக் கட்டிவைக்கத் தொடங்கினார்கள். நடுவில் இருக்கிற அந்த வெற்றுக் காலத்தைக் கடக்க வண்டுக்கு ஒரு தற்காலிக வீடு. வண்டுகளும் அதை ஏற்றுக்கொண்டு குடிவந்து பிள்ளை வளர்த்தன. 2019-20 தீயில் அந்தத் தண்டுகளும் பெரும்பாலும் எரிந்துபோயின. அவர்கள் திரும்பவும் செய்யத் தொடங்கினார்கள், பால்சா என்ற லேசான கட்டையிலும் தண்டு செய்து வைத்தார்கள். இதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வண்டு குடைவதற்காகக் கட்டையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போகிறார். இன்னொருத்தி வண்டு குடைந்ததை அடைக்கப் பிள்ளைகள் கையில் சிமென்ட் கொடுத்தாள்.

அந்தத் தீவில் நான் பச்சைத் தச்சுத்தேனீயைப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில் சாலையோரப் புல்மரங்களைப் பார்த்தேன். வெளிறிச் சாய்ந்த தண்டுகள் சில. பக்கத்தில் பாங்க்சியாக் கன்றுகள் பச்சைப்பசேல் என்று, இடுப்பளவுதான். முதல்நாள் அதே பச்சையைப் பார்த்துத்தான் மீண்டுவிட்டது என்று பேத்திக்குச் சொல்லியிருந்தேன். கப்பலில் அவளிடம் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப அந்த மரம் எப்ப ரெடி ஆகும் ஆச்சி?" என்றாள். கணக்குப் போட்டால் 2050. "உனக்கு முப்பத்தாறு வயசு ஆகும்போது" என்றேன். அதற்குள் இன்னொரு தீ வராமல் இருந்தால் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து நான் செய்தது சின்ன விஷயம். வருஷா வருஷம் தோட்டத்தில் காய்ந்தது எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துத் தீ வைப்பது என் வழக்கம். சுத்தம் என்று அதற்குப் பெயர். இப்போது வைப்பதில்லை. பட்டுப்போன கிளை ஒன்றை வெட்டாமல் விட்டிருக்கிறேன். ஒரு பக்கம் கணு இருக்கிற மூங்கில் துண்டுகள் நாலைந்தை மழை படாமல் இறவாரத்தில் கட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன டீச்சர், தோட்டம் இப்படிக் கிடக்கு" என்கிறார்கள். கிடக்கட்டும். இந்த வருஷம் மூங்கிலுக்குக் கீழே மரத்தூள் உதிர்ந்திருந்தது. கூட்டிப் பெருக்காமல் இரண்டு நாள் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிச் செடி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கத்தரிப்பூவில் மகரந்தம் ஒரு சின்னக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குத் தெரியும். நம் பள்ளித் தோட்டத்திலும் கத்தரிப் பாத்தி இருந்தது. ஓட்டைகளை அடைத்த வருஷம் அது எப்படிக் காய்த்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் கவனிக்கவே இல்லை.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. உனக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். எந்த ஊரில் இருக்கிறாயோ. நீ கேட்டது சரி. உள்ளே குஞ்சு இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு உருண்டைச் சோறு, அதன் மேல் ஒரு பிள்ளை. டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. உன்னைப் பேசாமல் அடைக்கச் சொன்னேன். உன் பிள்ளை இதுமாதிரி எதையாவது கேட்டால் நீ அப்படிச் சொல்லாதே, என்ன?

பழைய ஓட்டுவீடு, மூங்கில் பந்தல் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். வட்டமாக ஓட்டை தெரிந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். அடைத்துவிட்டு அனுப்பாதீர்கள்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்