ரோஸ் பக்கத்துக் கோடு

பிறந்த நாள்

மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 800 கிராம். நீளம் 48 செ.மீ. தலைச் சுற்றளவு 33 செ.மீ. குழந்தை வெளியே வந்ததும் தொப்புள் கொடியை வெட்டிவிடாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார் நர்ஸ். அந்தச் சிறு பொழுதில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குள் போய்ச் சேரும் ரத்தம், வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதைப் பார்க்கும்போது அந்த ஒரு நிமிடம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சேனை வைக்க உறவுக்காரப் பெண் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோடு வந்திருந்தார். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டியாயிற்று.

கையில் தாய்சேய் நல அட்டை கிடைத்தது. அதன் வளர்ச்சி வரைபடத்தில் ஆண் குழந்தைக்கு நீலப் பக்கம், பெண் குழந்தைக்கு ரோஸ் பக்கம். ரோஸ் பக்கத்தில் முதல் புள்ளி விழுந்தது. பத்தாவது வரை படித்த தாய், அட்டையோடு சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டையும் வைத்துக்கொண்டார். இங்கே வரும் குறிப்புகள் அந்த நோட்டின் வரிசையில் செல்கின்றன.

நான்காம் நாள்

எடை 2 கிலோ 620 கிராம். அம்மாச்சிக்கு முகம் வாடிவிட்டது. “பால் பத்தலையோ?” என்று ஆரம்பித்து, பவுடர் பால் வாங்கலாமா என்பது வரை பேச்சு போனது. முதல் நாட்களில் குழந்தையின் உடலிலிருந்து உபரி நீர் வெளியேறும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிட வேண்டும். பால் போதுகிறதா என்பதற்கு வீட்டிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். கிராம சுகாதார செவிலியர் இதைச் சொல்லிவிட்டுப் போனதும் அம்மாச்சி துணிகளை எண்ண ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் 2 கிலோ 800. பவுடர் பால் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆறாவது வாரம்

ஆறாவது வாரத் தடுப்பூசி போட்டாயிற்று. எடை 4 கிலோ 100. முகம் பார்த்துச் சிரிக்கிறாள். இந்த மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடுவது நல்ல வளர்ச்சி.

மூன்றாம் மாதக் கடைசி

தாய் வீட்டிலிருந்து கணவர் வீட்டுக்கு வந்தாயிற்று. துணிமணி, தொட்டில், வசம்பு வளையல் எல்லாவற்றோடும் அட்டையும் வந்தது. குழந்தை நல அட்டையைத் தாயிடமே கொடுத்துவைக்கும் இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1950-களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமெசி-இலெ கிராமத்தில் வேலை பார்த்தார். குழந்தையின் எடையைக் கோடாக வரைந்து, அந்த அட்டையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரி அலமாரியில் கிடக்கும் தாளைத் தாய் பார்க்கப்போவதில்லை. வீட்டில் இருந்தால் பார்ப்பாள், கேட்பாள் என்பது அவர் எண்ணம். உலகெங்கும் பரவியது அந்த அட்டை.

அப்பத்தா வீட்டில் வேறொரு அளவுகோல் காத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதே மாதம் பிறந்தவன், கொழுகொழுவென்று இருப்பான். “அவனப் பாரு, எம்புட்டு இருக்கான். இவ என்ன இப்புடி இருக்கா?” என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒரே வேகத்தில் எடை போடுவதில்லை. அட்டையில் இரண்டு பக்கம் இருப்பதே அதற்காகத்தான். ஒரு வயதில் நடுத்தர எடை பையனுக்கு 9.6 கிலோ, பெண்ணுக்கு 8.9 கிலோ. எல்லாக் குழந்தைகளும் நடுக்கோட்டில் நிற்கவும் வேண்டியதில்லை. இந்தக் குழந்தை நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பிறந்தாள். அதே தடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவளை ஒப்பிட வேண்டியது அவளுடைய போன மாதத்துப் புள்ளியோடுதான்.

“நம்ம பரம்பரையே சின்ன உடம்பு” என்று சொல்லிக் கவலையைத் தள்ளிவைப்பதும் நடக்கிறது. அட்டையில் இருக்கும் வளைகோடுகள் வெளிநாட்டுக் குழந்தைகளை மட்டும் அளந்து வரைந்தவை அல்ல. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்தது. தாய்ப்பால் குடித்து, புகை இல்லாத வீட்டில், நல்ல பராமரிப்பில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வளர்ந்தார்கள். 2006-ல் வெளியான வளர்ச்சித் தரங்கள் அந்த அளவுகளிலிருந்து வந்தவை. சின்ன வயதில் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் இனத்தைவிடச் சோறும் பாலும் சுத்தமான தண்ணீரும் பெரிது என்று அவை காட்டிவிட்டன.

ஐந்தாம் மாதம்

குப்புற விழுந்துவிட்டாள். அப்பத்தா பலகாரம் சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் கணக்கில் வைப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மாதக் கணக்கைப் பாருங்கள்: செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், முத்தம் பதினோராம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம். தலை தூக்கி ஆடுவது, நாக்கை அசைத்து ஒலி எழுப்புவது, கை கொட்டுவது, நடந்து வருவது என்று இரண்டு மாதத்துக்கு ஒரு வளர்ச்சி. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடியதும் இந்த வரிசையில்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒற்றை மாதம் சொல்வதில்லை, ஒரு வீச்சைத் தருகிறது. பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நேராக நடக்கப் போய்விடும் குழந்தைகளும் உண்டு. அந்த ஆய்வில் 4.3 சதவீதம் பேர் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மாதத்தில் தவழ்ந்துவிட்டது என்று தூக்கம் கெடுத்துக்கொள்ளும் தாய்மார்கள் இந்த எண்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஆறு மாதம் முடிந்து

எடை 6 கிலோ 500. குழைத்த பருப்புச் சோறு முதல் வாய். தாய்ப்பால் தொடர்கிறது. ஆனால் பிறக்கும்போது சேர்ந்திருந்த இரும்புச்சத்து இந்நேரம் தீர்ந்துகொண்டிருக்கும். தாய்ப்பாலில் அது குறைவு. வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தரச் சொல்லியிருக்கிறார் செவிலியர். தேன் தொட்டு வைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேனிலிருந்து பொட்டுலிசம் என்ற கடும் நஞ்சு நோய் வரலாம்.

ஏழு, எட்டு, ஒன்பது

இந்த நோட்டில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

ஏழாம் மாதம் 6 கிலோ 800. எட்டாம் மாதமும் 6 கிலோ 800. ஒன்பதாம் மாதம் 6 கிலோ 700.

இடையில் நடந்தது இது. தாய் நூறு நாள் வேலைக்குத் திரும்பினார். பகலில் குழந்தை அப்பத்தாவிடம். பால் குடிக்கும் தடவைகள் குறைந்தன. “கெட்டியாக் குடுத்தா தொண்டையில அடைச்சிரும் ஆத்தா” என்று அப்பத்தா கஞ்சியை நீர்க்கக் காய்ச்சினார். அதற்கு நடுவே ஐந்து நாள் வயிற்றுப்போக்கு.

மூன்று எண்களையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள் உண்டு. ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு 6.5 கிலோவுக்குக் கீழே போனால்தான் மஞ்சள். இவள் இன்னும் பச்சையில்தான் இருந்தாள். “பச்சையிலதானே இருக்கு” என்று அனுப்பிவிடும் இடங்கள் நிறைய. பட்டையின் நிறத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு, குழந்தை மஞ்சளுக்குள் விழுந்த பிறகுதான் செய்தி போய்ச் சேரும். கோட்டைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

பால்வாடி டீச்சர் கோட்டைப் பார்த்தார். மூன்று புள்ளிகளையும் பேனாவால் இணைத்துத் தாயிடம் காட்டினார். “ஏம்மா, போன ரெண்டு மாசமா கோடு படுத்துக் கெடக்கு பாரு. என்ன குடுக்குறீங்க வீட்டுல?”

இந்தக் கேள்விக்கு இதே மண்ணில் வேர் உண்டு. 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியோடு தொடங்கியபோது முதலில் சோதித்துப் பார்த்தது மதுரை மாவட்டத்தின் இதே கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எல்லாருக்கும் சத்துணவு கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை. எடை கூடாமல் நின்றுபோன குழந்தைக்கும் மிகவும் மெலிந்த குழந்தைக்கும் 90 நாள் துணை உணவு கொடுத்து, கோடு ஏறியதும் நிறுத்தினார்கள். கூடவே தாயிடம் உட்கார்ந்து பேசினார்கள். எவ்வளவு எடை என்பதைவிட எடை கூடியதா என்று கேட்ட திட்டம் அது. உலகம் முழுவதும் ஊட்டச்சத்துப் பாடங்களில் இன்றும் பேசப்படுகிறது. அந்த ஒழுங்கு எல்லாப் பால்வாடியிலும் இன்று இருக்க வேண்டும். எடையைப் பதிவேட்டில் எழுதி மூடிவிட்டால் தராசால் ஒரு பயனும் இல்லை.

டீச்சர் அப்பத்தாவையும் அழைத்து உட்காரவைத்தார். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் அளவு கூடாமலே சக்தி கூடும். வறுத்துப் பொடித்த நிலக்கடலை, மசித்த முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் வீட்டிலும் கொல்லையிலும் இருப்பவைதான். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் களி பதத்தில் கிண்டிக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை, இடையில் ஒரு தின்பண்டம். வேலைக்குக் கிளம்பும் முன்பும் திரும்பியதும் ராத்திரியும் தாய்ப்பால். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நோய் விட்ட பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதல் சாப்பாடு.

அப்பத்தா ஒன்றும் மறுக்கவில்லை. “தொண்டைல அடைக்குமேன்னுதான் பயந்தேன் டீச்சர்” என்றார். அந்தப் பயம் அன்பிலிருந்து வந்தது. அதைக் கேலி செய்யாமல் பதில் சொன்னதால்தான் அடுத்த நாளே அடுப்படியில் கஞ்சியின் பதம் மாறியது.

அன்றே தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் ஆயிற்று. மேல் கையில் நாடா வைத்து அளந்ததில் 13 செ.மீ. 12.5-க்குக் கீழே போனால்தான் அபாயம்.

பத்திலிருந்து பன்னிரண்டு

7 கிலோ 200. 7 கிலோ 600. 7 கிலோ 900. கோடு பழைய தடத்துக்கு வந்துவிட்டது. நீளம் 71 செ.மீ. ஒரு வயதில் பிறந்த எடை மூன்று மடங்காக வேண்டும் என்பார்கள். இவளுக்கு அந்தக் கணக்கில் இன்னும் அரைக் கிலோ பாக்கி. தடத்தில் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பதினாறாம் மாதம்

நடக்கிறாள். இப்போது வேறொரு புகார்: “சாப்பிடவே மாட்டேங்குறா.” முதல் வருடத்தில் 23 செ.மீ. வளர்ந்த குழந்தை இரண்டாம் வருடத்தில் ஏறக்குறைய 12 செ.மீ.தான் வளர்வாள். வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. வாயைப் பிடித்து ஊட்டுவதும், செல்போனைக் காட்டி ஊட்டுவதும், சாப்பாட்டுக்கு முன் பிஸ்கெட் கொடுப்பதும் அந்தப் பசியையும் கெடுத்துவிடும். தட்டில் கொஞ்சமாக வைத்து, குடும்பத்தோடு உட்காரவைத்து, அவள் கையாலேயே அள்ளவிட்டார்கள். பாதி தரையில்தான் சிந்தியது. மாதக் கடைசியில் எடை 150 கிராம் கூடியிருந்தது.

“அம்மா”, “தா”, “காக்கா” மூன்று சொல். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாள். எடை, உயரம்போலவே இதையும் எழுதிவைக்க வேண்டும். பதினெட்டு மாதமாகியும் நடக்காத, எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டு வயது

எடை 10 கிலோ 200. “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல் சேர்க்கிறாள்.

உயரம் பார்த்ததில் தாய்க்கு ஒரு திடுக்கிடல். படுக்கவைத்து அளந்தபோது 83.2 செ.மீ. நிற்கவைத்து அளந்தால் 82.5. டீச்சர் சிரித்தார். இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம், அதற்குமேல் நிற்கவைத்து உயரம். நிற்கும்போது முதுகெலும்பு சற்று அழுந்தும். அந்த வித்தியாசம் சராசரியாக 0.7 செ.மீ. வளர்ச்சி அட்டவணையே அதைக் கணக்கில் எடுத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. குதிகால், பின்புறம், தலை மூன்றும் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. உயரக் குறைவு பெரும்பாலும் இந்த முதல் இரண்டு வருடங்களில் நேர்வது. பிறகு சரிக்கட்டுவது கடினம். இவள் அந்த நான்கில் ஒன்றாக ஆகவில்லை. ஒன்பதாம் மாதம் அந்தக் கோட்டை ஒருவர் இணைத்துப் பார்த்தார். ஒரு வீடு அதைக் கேட்டுச் சோற்றின் பதத்தை மாற்றிக்கொண்டது.

குடற்புழு மாத்திரையும் வைட்டமின் ஏ-யும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தொடர வேண்டும். நோட்டில் இன்னும் பன்னிரண்டு பக்கம் மிச்சம். அடுத்த எடை நாள் வரும் மாதம் முதல் புதன்கிழமை என்று டீச்சர் அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.