லாகின் இல்லாதவர்கள்

பதினான்கு ஆண்டுகள் செவிலியராக இருந்தபின், மருத்துவமனைத் தொற்று அபாயத்தைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் சேர்க்கப்பட்டேன். வார்டில் வேலை பார்த்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

நோயாளியின் வயது, சர்க்கரை நோய், சிறுநீர்க் குழாய் போட்டு எத்தனை நாள், வென்டிலேட்டரில் எத்தனை நாள் என்று கேட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும் கருவி அது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. "இன்றும் தேவையா?" என்று தினமும் கேட்கும் திரை நல்லதுதான்.

ஆனால் சிவப்பு யார் பெயருக்கு நேராக எரிகிறது? முதல் வடிவில், "கை சுத்தம் குறைவு" என்று செவிலியரின் பெயருக்கு நேராக எரிந்தது. டேப்பில் தண்ணீர் வந்ததா, இரவுப் பணியில் ஒருத்தி எத்தனை படுக்கைகளைப் பார்த்தாள் என்பதற்கெல்லாம் அதில் கட்டமே இல்லை. நிர்வாகத்தின் குறை ஒரு பெண்ணின் பொறுப்பின்மையாகப் பதிவாகிவிடும்.

எந்தப் படுக்கை துடைக்காமலே அடுத்தவருக்குப் போனது, ஒரே வாளித் தண்ணீரில் எத்தனை அறை துடைக்கப்பட்டது என்பதெல்லாம் ஆயாம்மாக்களுக்குத் தெரியும். குப்பைப் பையில் தவறிக் கிடக்கும் ஊசி முதலில் குத்துவதும் அவர்களைத்தான். ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் அவர்களுக்கு லாகின் கிடையாது. "எங்கள எல்லாமா கேப்பாங்க, சிஸ்டர்?" என்று ஒருவர் சிரித்தார்.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாவதில் சுமார் 4 பேர். முதல் பிரிவுக்கு அனுப்பாதீர்கள் என்று கர்ப்பிணிகள் மன்றாடினார்கள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்று 1847இல் செம்மல்வைஸ் கண்டுகொண்டார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார், சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. எந்தப் பிரிவு கொல்கிறது என்று அவருக்கு முன்பே அறிந்திருந்த அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை.

குழுவிடம் இரண்டு கேட்டேன். தண்ணீர், ஆள்பற்றாக்குறை பற்றிய எச்சரிக்கை நிர்வாகியின் திரைக்குப் போக வேண்டும். ஆயாம்மாக்கள் லாகின் இல்லாமலே, பெயர் சொல்லாமலே, தமிழில் பேசிப் பதிவுசெய்ய ஒரு பொத்தான் வேண்டும்.

பொத்தான் வந்துவிட்டது. நிர்வாகியின் திரையை அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.