ஷாங்காய் பூங்காவில் ஒரு 'அங்கிள்' குழப்பம்!

ஷாங்காய் நகரின் நடுவே, நான்ஜிங் சாலையை ஒட்டி இருக்கிறது மக்கள் பூங்கா. மூன்று மெட்ரோ பாதைகள் சந்திக்கும் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் மரங்கள் தெரியும். ஆங்கிலேயர்கள் கோலோச்சிய காலத்தில் இது குதிரைப் பந்தய மைதானம். 1952-ல் பூங்காவாயிற்று. பந்தய கிளப்பின் மணிக்கூண்டுக் கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது அது நகரின் வரலாற்று அருங்காட்சியகம்.

இந்தப் பூங்காவின் 'ஆங்கில மூலை' பிரசித்தம். ஆசிரியர் கிடையாது, கட்டணம் கிடையாது. 1978-க்குப் பிறகு சீனா வெளியுலகுக்குக் கதவைத் திறந்தபோது, ஆங்கிலம் பேசிப் பழக ஆள் தேடியவர்கள் ஊர் ஊராக இப்படிப் பூங்காக்களில் கூட ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். ஊர், வேலை எல்லாம் விசாரித்து முடித்ததும் பேச்சு குடும்பத்துக்கு வரும். அங்கேதான் சிக்கல். 'அங்கிள்' என்று ஒருவர் சொன்னால், கேட்கிற சீனருக்குப் பாதிதான் புரியும். எந்த அங்கிள்?

அப்பாவின் அண்ணன் என்றால் 'போபோ'. (நம் காதுக்கு விரட்டுவது போல் கேட்கும், அங்கே அது மரியாதைச் சொல்!) அப்பாவின் தம்பி 'ஷூஷு'. அம்மாவுடன் பிறந்தவர் 'ஜியூஜியு'. அத்தையின் கணவர் 'கூஃபு'. அம்மாவின் சகோதரியைக் கட்டியவர் 'யீஃபு'. ஐந்து உறவுகள், ஐந்து சொற்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

நமக்கு இது புதிதில்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாமும் பிரித்துத்தான் கூப்பிடுகிறோம். ஆனால், சீனர்கள் நம்மையும் மிஞ்சிவிட்டார்கள். தாய்மாமனும் அத்தை வீட்டுக்காரரும் நமக்கு 'மாமா'தான். அவர்களுக்கு வேறு வேறு. 'கசின்' என்ற சொல்லில் குழப்பம் இன்னும் அதிகம். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் 'தாங்', மற்றவர்கள் எல்லாம் 'பியாவ்'. அதிலும் அண்ணனா, தம்பியா, அக்காவா, தங்கையா என்று பிரித்தால் எட்டு சொற்கள். அந்தக் காலத்தில் 'பியாவ்' முறையில் கல்யாணம் உண்டு, 'தாங்' முறையில் கிடையாது. நம் முறைப்பெண் கணக்கு மாதிரிதான். 1980-ல் வந்த திருமணச் சட்டம் இரண்டையுமே தடை செய்துவிட்டது.

பேசுகிறவர் பாடாவது பரவாயில்லை, மொழிபெயர்ப்பாளர் பாடுதான் திண்டாட்டம். ஆங்கிலக் கதையில் 'அங்கிள்' வந்தால் அவர் யார் வழி உறவு என்று துப்புத் துலக்க வேண்டும். ஹாரி பாட்டரின் வெர்னன் அங்கிள், அம்மாவின் அக்காவைக் கட்டியவர். அதனால் சீனத்தில் அவர் 'யீஃபு'. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை 1901-ல் சீனத்துக்குக் கொண்டுவந்த லின் ஷூவுக்கு ஆங்கிலமே தெரியாது. நண்பர் வாயால் சொல்லச் சொல்ல எழுதினார். தலைப்பில் 'அங்கிள்' என்ற சொல்லையே விட்டுவிட்டு, கறுப்பின அடிமைகளின் ஓலம் என்ற பொருளில் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் 'டாம் ஷூஷு' ஆக்கினார்கள். மூலத்தில் அந்த 'அங்கிள்' உறவுச் சொல்லே அல்ல. வயதான கறுப்பின அடிமையை 'மிஸ்டர்' என்று அழைக்க மனமில்லாத வெள்ளையர்கள் வைத்திருந்த சொல். 'ஷூஷு'வில் அந்த அவமதிப்பு மறைந்துபோகிறது.

இதோடு முடிந்ததா? 'அங்கிள் சாம்' என்றால் அமெரிக்க அரசு. 'டச்சு அங்கிள்' என்றால் முகத்துக்கு நேரே கண்டித்துப் பேசுகிறவர். அமெரிக்கச் சிறுவர்கள் சண்டையில் 'அங்கிள்' என்று சொன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பழைய லண்டன் பேச்சில் அடகுக்கடைக்காரரும் அங்கிள்தான். இதையெல்லாம் மனப்பாடம் செய்கிற மாணவர் பாவம்தான்.

அதே பூங்காவில் வார இறுதி மதியங்களில் இன்னொரு மூலை களைகட்டும். கல்யாணச் சந்தை. விரித்த குடைகளின் மேல் காகிதங்கள்: பிறந்த ஆண்டு, உயரம், சம்பளம், சொந்த வீடு உண்டா என்ற விவரம். பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அந்த ஒரே பிள்ளைக்காக. 1980-லிருந்து 2015 வரை நீடித்த ஒரு குழந்தைத் திட்டம், ஷாங்காய் போன்ற நகரங்களில் கறாராகவே அமலானது. அப்படிப் பிறந்த ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்துகொண்டால், அவர்கள் குழந்தைக்குப் பெரியப்பா இல்லை, சித்தப்பா இல்லை, மாமா இல்லை, அத்தை, சித்தியும் இல்லை. தாத்தா பாட்டி மட்டும் நான்கு பேர்.

ஐந்து சொற்களும் அகராதியில் பத்திரமாக இருக்கின்றன, கூப்பிடத்தான் ஆள் இல்லை. அந்தக் குழந்தைக்கு 'ஷூஷு' என்றால் தெருமுனைப் போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர். நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்போது கடைக்காரரை 'அங்கிள்' என்றுதானே கூப்பிடுகிறார்கள்? ஆக, இந்தத் தலைமுறைக்கு அந்த ஆங்கிலச் சொல் சுலபமாகப் புரிந்துவிடுகிறது. அதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்பதுதான் தெரியவில்லை.

2016-லிருந்து இரண்டு குழந்தை, 2021-லிருந்து மூன்று குழந்தை பெறலாம் என்று அரசு சொல்லிவிட்டது. புத்தாண்டுக்குச் சொந்த ஊர் போகிற இளைஞர்களுக்காகச் செல்போனில் உறவுமுறைக் கால்குலேட்டரும் வந்துவிட்டது. 'அம்மா', 'அண்ணன்', 'மகன்' என்று வரிசையாகத் தட்டினால், எதிரே நிற்பவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று திரையில் காட்டும்.