எண்ணாயிரத்துக் கல்லூரி

மயிலாப்பூரில் விடியுமுன் காரில் கிளம்புகிறவர்கள், திண்டிவனம் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் எண்ணாயிரம் போய்ச் சேரலாம். விழுப்புரம் மாவட்டத்தில், வயலும் பாறைக்குன்றும் சூழ்ந்த சிற்றூர்.

அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் சுவர்தான் இங்கிருந்த கல்லூரியின் பதிவேடு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் என்கிறது முதலாம் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் பாடங்கள். இளையவர்கள் 270 பேருக்குத் தலைக்குத் தினம் 6 நாழி நெல்; மேல்படிப்பு மாணவர்கள் 70 பேருக்குக் கூடுதல். செலவுக்கு 45 வேலி நிலம். சாப்பாட்டுக் கவலையின்றிப் படிக்கவைத்த ஏற்பாடு அது! ஆனால் அந்தக் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. அதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857-ல், இந்தக் கல்லூரிக்கு எட்டு நூற்றாண்டுகள் கழித்து.

பக்கத்துக் குன்றில் சமணர் படுக்கைகளும் உண்டு. ஏறிப் பார்க்கப் போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோவது அவசியம்.